கோட்டின் அகலம்

பாறைமடை எஸ்டேட்டில் மழைக்காலத்துக்கென்று ஒரு விதி வைத்திருந்தார்கள். மேல்கரையிலிருந்து வயர்லெஸ் பேசினால் தண்ணீர் வருகிறது. பேசாவிட்டால் வரவில்லை. அவ்வளவுதான்.

வண்டன்மேட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எஸ்டேட் அது. மேலே ஏலம், கீழே தேயிலை. தேயிலை ஃபாக்டரிக்கு வேண்டிய கரண்டைச் சொந்தமாகவே எடுத்துக்கொண்டார்கள். மேற்கே மூன்று மைல் தள்ளி, ஒரு மலைக்கு அப்பால், ஆற்றை மறித்து மண்ணால் கரை போட்டிருந்தார்கள். அதுதான் மேல்கரை. கீழே பவர் ஹவுஸ். நடுவில் ஆறு கல்லும் குழியுமாக இறங்கி வரும். பவர் ஹவுஸுக்குச் சற்று மேலே, ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிகிற இடத்தில், மழைக்காலம் முழுக்க இலையும் மணலும் வந்து அடைத்துக்கொள்ளும். ஏழு பேர் ஆற்றுக்குள் இறங்கி நின்று அதை வாரிக்கொண்டே இருக்க வேண்டும். அரை நாள் விட்டால் மெஷின் நின்றுவிடும்.

மேல்கரையில் தண்ணீர் சிவப்பு மார்க்கைத் தொட்டால் ஷட்டரைத் திறந்தே ஆக வேண்டும். மண் கரை, தாங்காது. திறப்பதற்கு முன்னால் அங்கே காவல் இருக்கும் பெரியமுத்து வயர்லெஸில் சொல்வான். பவர் ஹவுஸில் செட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் சோலை வெளியே வந்து, தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் சுத்தியலால் அடிப்பான். ஏழு பேரும் கரையேறுவார்கள். தண்ணீர் வந்து சேரப் பதினாலு நிமிடம் ஆகும், அது தாராளம். முன்பு ஃபோன் கம்பி இருந்ததாம். யானை இழுத்துப் போட்டது பாதி, மரம் விழுந்து அறுந்தது பாதி என்று ஆகி, மானேஜர் வெறுத்துப்போய் வயர்லெஸ் வாங்கினார். பாட்டரி வீணாகக் கூடாது, அவசியம் இருந்தால் மட்டும் பேசு என்று மேல்கரைக்கு உத்தரவு. நாலு வருஷமாக இதில் ஒரு குறையும் வரவில்லை.

நல்ல ஏற்பாடு என்றுதான் நானும் நினைத்தேன். மற்றவர்கள் அப்படி நினைத்ததை மன்னிக்கலாம். நான் நினைத்திருக்கக் கூடாது.

என் பெயர் ராமபத்ரன். கல்பாத்திக்காரன். பாலக்காட்டில் ஒரு கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் பட்டத்துக்காக ஒன்றரை வருஷம் லீவு எடுத்துக்கொண்டு, எழுபத்திரண்டாம் வருஷம் ஜனவரியில் இந்த எஸ்டேட்டுக்கு வந்து சேர்ந்தேன். அங்கே கிழக்கு முகட்டில், முப்பதுகளில் மானேஜராக இருந்த ஒரு வெள்ளைக்காரர் தன் பைத்தியத்துக்குக் கட்டிக்கொண்ட தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. வெளியே இரண்டு கண்ணாடிகள் சூரியனைப் பிடித்து உள்ளே அனுப்பும். உள்ளே நீளக் குழாய், மயிரிழைப் பிளவு, நிறம் பிரிக்கும் தகடு. அவர் ஊருக்குப் போன பிறகு எலி குடியிருந்த அந்தச் சாமானை மூன்று மாசம் துடைத்து, எண்ணெய் போட்டு, ஓட வைத்தேன். மழை மேற்கு மலையோடு நின்றுகொள்ளும். எங்கள் முகடு கம்பம் பள்ளத்தாக்கைப் பார்த்து நின்றதால், ஆடி மாசத்தில்கூட ஒரு நாளைக்கு நாலைந்து மணி நேரம் வெயில் கிடைத்தது.

என் வேலை என்னவென்று கேட்டவர்களுக்கெல்லாம் அலுக்காமல் சொல்வேன். சூரிய வெளிச்சத்தைப் பிளவு வழியே விட்டு நிறம் நிறமாகப் பிரித்தால் நடுநடுவே கறுப்புக் கோடுகள் தெரியும். அந்த இடங்களில் மட்டும் வெளிச்சம் குறைவு. சூரியனுக்கு மேலே மூடியிருக்கும் வாயு அதை விழுங்கிவிடுகிறது. எந்த இடத்தில் குறைகிறது என்பதைப் பார்த்து அது ஹைட்ரஜனா, இரும்பா, சோடியமா என்று சொல்லிவிடலாம். கோடு எவ்வளவு அகலம் என்று பார்த்தால் அந்த வாயு எவ்வளவு சூடு, எவ்வளவு நெருக்கம் என்று தெரியும். கோடு இடம் நகர்ந்திருந்தால் வாயு நம் பக்கம் வருகிறதா, விலகிப் போகிறதா என்று தெரியும். இரண்டாகப் பிளந்திருந்தால் அங்கே காந்தம் இருக்கிறது. ஒன்பது கோடி மைலுக்கு அப்பால் ஒரு தெர்மாமீட்டர்கூட வைக்காமல், ஒரு தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்துகொண்டு இத்தனையும் சொல்ல முடியும் என்பதில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

வெளிச்சம் வராத இடம்தான் எனக்குச் சேதி. அதை வைத்துத்தான் என் பிழைப்பு. அப்படிப்பட்டவன், சேதி வரவில்லை என்றால் ஒன்றும் நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்கிற ஒரு விதியை முதல் நாளே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அது உறைக்கவே இல்லை.

ஜூலை கடைசியில் சூரியனின் கிழக்கு ஓரத்திலிருந்து ஒரு புள்ளிக் கூட்டம் திரும்பி எங்கள் பக்கம் வந்தது. வந்த அன்றே எனக்கு அது பிடிக்கவில்லை. புள்ளிகள் தனித்தனியாக இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று நெருக்கிக்கொண்டு கிடந்தன. அவற்றின் மேல் இரும்பின் கோடு தடித்து, பிளக்கப் பார்த்தது. சிவப்பு நிறத்துக்கு நடுவில் விழும் ஹைட்ரஜனின் கறுப்புக் கோடு ஒரு நிமிடம் இருந்தபடி அடுத்த நிமிடம் இல்லை. அதைச் சுற்றி வாயு ஏறுவதும் இறங்குவதுமாக ஓயாமல் கொதித்துக்கொண்டிருந்தது. மேற்கே மலைக்கு அப்பால் மழையும் ஓயவில்லை. பகல் முழுக்க அந்தப் பக்கத்து வானம் கருங்கல் நிறத்தில் நின்றது. எனக்கு இரண்டு பக்கமும் எதுவோ நிறைந்துகொண்டே வருவது போல் இருந்தது.

ஆகஸ்ட் இரண்டாம் தேதி, காலை எட்டே முக்கால். ஹைட்ரஜன் கோட்டில் கறுப்பாக இருக்க வேண்டிய இடம் ஒரு ஓரத்தில் பளிச்சென்று வெளுத்தது. வெளிச்சத்தை விழுங்குகிற வாயு, விழுங்குவதை விட்டுவிட்டுத் தானே எரிய ஆரம்பித்துவிட்டது. அந்த மாதிரி வெடித்தால் கண்ணுக்குத் தெரியாத கதிரும் கூடவே கிளம்பி, நம் வானத்தின் மேல்தட்டை அடிக்கும். சிற்றலை ரேடியோ அந்தத் தட்டில் பட்டுத்தான் திரும்பி வரும். தட்டு கெட்டால் அலையை அதுவே தின்றுவிடும். புஸ்தகத்தில் படித்திருந்தேன். அப்போதுதான் பளீரென்று உறைத்தது: மேல்கரைக்கும் பவர் ஹவுஸுக்கும் நடுவில் மலை. அவர்களுடைய வயர்லெஸும் வானத்தில் பட்டுத்தான் வருகிறது.

அப்படியே விட்டுவிட்டுச் சரிவில் ஓடினேன்.

சோலை செட்டின் தலையில் தட்டிக்கொண்டிருந்தான். முப்பது வயது, சுருளிப்பட்டிப் பக்கத்து ஆள், பேச்சு குறைவு. என்னைப் பார்த்ததும் எழுந்தான்.

"இரைச்சலே இல்ல சார். எப்பவும் உஸ்ஸுனு ஒரு சத்தம் கெடக்கும். அதுவும் போயிருச்சு."

"மேல்கரை பேசினாலும் உனக்குக் கேக்காது. அடி. ஆளை ஏத்து."

"பெரியமுத்து ஒண்ணும் சொல்லலையே சார்."

"சொன்னாத்தான் உனக்குக் கேக்காதே, அதாக்கும் சொல்றேன். அடிடா."

அடித்தான். ஏழு பேரும் ஏறினார்கள். அதில் சோலையின் மனைவி சுருளியம்மாளும் ஒருத்தி. தூறலில் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் வரவில்லை. வாய்க்கால் அடைத்து மெஷின் நின்றது. ஃபாக்டரி நின்றது. பத்து மணிக்கு இரைச்சல் திரும்பி வந்தது. சோலை கூப்பிட்டு விவரம் சொன்னதும் பெரியமுத்துவின் குரலும் கேட்டது. மார்க்குக்கு இரண்டடி கீழேதான் தண்ணீர் இருக்கிறது, யார் ஆளை ஏற்றச் சொன்னது என்று அவன் கேட்டான்.

"சூரியன் வாத்தியார் சொன்னாரு" என்றாள் சுருளியம்மாள், செட்டுக்குக் கேட்கும்படி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

மானேஜர் சென்னியப்பன் சிரிக்கவில்லை. கொங்குப் பக்கத்துக் கோபாலபுரத்துக்காரர், தோட்டம் துரவு என்று வளர்ந்தவர், கெட்ட மனுஷர் அல்ல. ஆபீஸில் தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர், கிளார்க் எல்லோரையும் நிற்க வைத்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க வாத்தியாரே, சூரியன்ல தீப்புடிச்சா என்ற ஃபாக்டரி நிக்கோணுங்களா? உள்ள போட்ட எலை பூராப் புளிச்சுப் போச்சுங்க."

"செட்டு நிஜமாவே கேக்கலை. சோலையைக் கேட்டுப் பாருங்கோ" என்றேன்.

"மழையில செட்டு நூறு தடவை கேக்காமப் போகுமுங்க. அதுக்கெல்லாம் ஆளை ஏத்துனா எஸ்டேட்டை மூடிப்போட்டு ஊட்டுக்குப் போக வேண்டியதுதான். நீங்க படிச்சவரு. அடுத்த வாட்டி ஆளை ஏத்தோணும்னா, எத்தனை பெருசு, எத்தனை நேரத்துக்குச் செட்டு கேக்காதுன்னு அளந்து எழுதிக் கொண்டாங்க. கையெழுத்துப் போடறேன். சும்மா ஓடியாந்து கத்தறதுக்கு என்ற கிட்டயே ஆளு இருக்குதுங்க."

கிளார்க் ஒருத்தர் வாயைப் பொத்திக்கொண்டது எனக்குத் தெரிந்தது. காது மடல் சுட்டது. எனக்குக் கோபம் மூக்கின் மேல் நிற்கும். ஆனால் அன்று ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அவர் கேட்டது நியாயம் என்று எனக்கே பட்டதுதான் காரணம். அளக்காமல் எதையும் சொல்லாதே என்று நான்தானே வகுப்பில் பையன்களைத் திட்டுவேன். அன்றைக்கு நான் போய் நின்றது, கையில் ஒரு எண்கூட இல்லாமல்.

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து சோலையும் சுருளியம்மாளும் முகட்டுக்கு ஏறி வந்தார்கள். அவளுக்குச் சூரியனைப் பார்க்க வேண்டுமாம். முந்தின நாள் கேலி பண்ணியதற்குச் சமாதானமாக ஒரு சீப்பு மலைப்பழம் கொண்டுவந்திருந்தாள். மேற்கே மேகம் சற்று விலகிய சமயத்தில் குழாயில் கண்ணை வைத்தவள் வெகு நேரம் எடுக்கவில்லை.

"ரத்தமா இருக்கு" என்றாள். "நடுவுல புண்ணு மாதிரி இருக்கே, அதுதேன் கெட்டதா?"

"அதுதான்."

"நாளைக்கும் வெடிக்குமா?"

"வெடிக்கும்னுதான் தோண்றது. நேத்திக்கு வெடிச்சதைவிடப் பெரிசா."

அவள் கண்ணை எடுத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். இந்தக் கேள்விக்காகத்தான் இரண்டு பேரும் ஏறி வந்திருக்கிறார்கள் என்று அப்போது புரிந்தது. சோலை தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"சார், நான் ஒண்ணு கேக்கேன். நாளைக்குச் செட்டு செத்துச்சுன்னா, யாரையும் கேக்காம நானே அடிச்சு ஆளை ஏத்திரவா? மேல நல்ல மழை. பெரியமுத்துவக் காலையில நானே கூப்புட்டுக் கேட்டப்ப, மார்க்குக்கு ஒரு அடிதேன் பாக்கின்னான்."

ஏத்திவிடு என்று சொல்ல ஒரு நொடி ஆகியிருக்கும். அந்த ஒரு நொடியில் ஆபீஸில் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற கிளார்க் என் கண் முன்னால் வந்தான். செட்டு மழையில் செத்தாலும் இவன் அடிப்பான், பாட்டரி தீர்ந்தாலும் அடிப்பான், பழி என் தலையில் விழும். அடுத்த முறை நான் சொன்னால் நாய்கூட நம்பாது.

"வேண்டாம்" என்றேன். "செட்டு எதுக்கு வேணாலும் சாகும். சூரியனாலதானான்னு எனக்குத்தான் தெரியும். வெடிச்சா நானே ஓடி வந்து சொல்றேன். அதுவரைக்கும் அடிக்காதே. என்னைப் பாத்துண்டு இரு."

"நீங்க வருவீகல்ல?"

"வராம?"

சுருளியம்மாள் பழச் சீப்பை என் மேஜைமேல் நோட்டுப் புஸ்தகங்களுக்கு நடுவில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். போகும்போது, சார் சொல்லிட்டாருல்ல, நீ எதுக்குக் கெடந்து அடிச்சுக்கிற என்று அவள் சோலையைச் சமாதானப்படுத்துவது காதில் விழுந்தது.

ஆகஸ்ட் நாலு, வெள்ளிக்கிழமை. முகட்டில் ஈரமே இல்லாத வெயில். மேற்கே மலைக்கு அப்பால் இடி இடைவிடாமல் உருண்டுகொண்டிருந்தது. காற்று நின்றுபோயிருந்தது. ஏழு மணியிலிருந்து நான் குழாயை விட்டு எழுந்திருக்கவில்லை. பதினொன்று ஐம்பதுக்கு அந்தப் புள்ளிக் கூட்டத்தின் நடுவில் ஹைட்ரஜன் கோடு வெளுத்தது. இரண்டாம் தேதி பார்த்தது இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கறுப்பு போன இடத்தில் வெளிச்சம் இரண்டு பக்கமும் வழிந்து பரவிக்கொண்டிருந்தது.

எழுந்து நின்றுவிட்டேன். கதவுவரை போனேன். அங்கே நின்று, எவ்வளவு பெரிது என்று மானேஜர் கேட்பார், அதற்கு என்ன சொல்லுவாய் என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

அகலத்தை அளப்பது கஷ்டமில்லை. பிளவுக்கு முன்னால் ஒரு கண்ணாடித் துண்டு உண்டு. திருகினால் கோடு நகரும். வெளிச்சம் ஆரம்பிக்கிற இடத்திலிருந்து முடிகிற இடம்வரை திருகி, அளவுகோலில் பார்த்து எழுத வேண்டும். ஒரு நிமிடத்து வேலை. எழுதினேன். ஆறு ஆங்ஸ்ட்ராம். அதோடு கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் எழுதி முடிக்கும்போதே அது ஒன்பதாகிவிட்டது. இன்னும் ஏறுகிறது, ஏறுகிறதைப் பாதியில் விட்டுவிட்டுப் போய் ஆறு என்று சொன்னால் அது பொய் எண்ணாகிவிடும், உச்சத்தைத் தொடட்டும், ஒரே நிமிடம் என்று நினைத்தேன். பன்னிரண்டு ஆயிற்று. பதினாலு ஆயிற்று. அந்த அகலத்துக்கு வெறும் சூடு போதாது. வாயுவில் மின்னேற்றம் அத்தனை நெருக்கமாக இருந்தால்தான் கோடு அப்படி விரியும். எத்தனை நெருக்கம் என்று மனசு தானாகவே கணக்குப் போட்டது. விரிந்த கோட்டின் ஒரு ஓரம் நீலப் பக்கம் சாய்ந்திருந்தது. அந்த வாயு எங்களை நோக்கிக் கிளம்பிவிட்டது.

நாலாவது நிமிடத்துக்குப் பிறகு மானேஜர் எனக்கு ஞாபகமே இல்லை. சொல்லக் கூசுகிறது, ஆனால் சொல்கிறேன். எனக்கு ஆனந்தமாக இருந்தது. வாழ்நாளில் ஒரு தடவை கிடைக்கிற காட்சி, அது என் கண்ணுக்குக் கிடைத்திருக்கிறது, என் கை நடுங்கவில்லை, எண் சுத்தமாக வருகிறது. ஆற்றில் நின்ற ஏழு பேரையும் நான் நினைக்கவில்லை. பதினெட்டில் கோடு நின்றது. இரண்டு தடவை அளந்து, பதினெட்டுதான் என்று உறுதி செய்துகொண்டு எழுதி, பக்கத்தில் நேரம் போட்டேன். பன்னிரண்டு அடித்து ஒரு நிமிடம்.

அந்த நேரத்தை என் கையாலேயே எழுதிய பிறகுதான் சோலை ஞாபகத்துக்கு வந்தான்.

சரிவில் விழுந்தும் எழுந்தும் ஓடினேன். முட்டி கிழிந்தது. ஒரு செருப்பு வழியிலேயே போயிற்று. கடைசி வளைவில் ஆறு கண்ணுக்குத் தெரியும். ஏழு பேரும் முழங்கால் தண்ணீரில் குனிந்து வாரிக்கொண்டிருந்தார்கள். பவர் ஹவுஸ் வாசலில் சோலை சுத்தியலைக் கையில் பிடித்துக்கொண்டு, நான் வரும் பாதையைப் பார்த்து நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் அவன் முகம் தெளிந்தது. நான் கையை உயர்த்துவதற்குள் அடிக்க ஆரம்பித்துவிட்டான்.

இரண்டு அடி விழுந்திருக்கும். மேலே பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் வந்தது. பழுப்பாக, மரத்துண்டுகளோடு, மனுஷன் உயரத்துக்கு. மணிச் சத்தத்துக்கு நிமிர்ந்தவர்களில் நாலு பேர் கரைப் பக்கம் இருந்ததால் வேரைப் பிடித்துக்கொண்டார்கள். சுருளியம்மாளும் வேலுத்தாய் என்ற பெண்ணும், கபிரியேல் என்ற கிழவரும் நடு ஆற்றில் இருந்தார்கள். அவள் தண்ணீரைப் பார்க்கவில்லை. மணியடிக்கிற புருஷனைத்தான் திரும்பிப் பார்த்தாள். அடுத்த தடவை நான் பார்த்தபோது அங்கே யாரும் இல்லை.

இரண்டு நாள் கழித்து பாலத்துக்குக் கீழே மூன்று பேரும் கிடைத்தார்கள்.

போலீஸ் வந்தது. மகஸர் எழுதினார்கள். பெரியமுத்து அழுதுகொண்டே சொன்னான். பதினொன்று ஐம்பத்து நாலுக்குத் தண்ணீர் மார்க்கைத் தொட்டது, மூன்று முறை கூப்பிட்டேன், கீழே பதில் இல்லை, ஐந்து நிமிடம் பொறுத்தேன், அதற்கு மேல் கரை தாங்காது என்று திறந்தேன். அவன்மேல் யாரும் குற்றம் சொல்லவில்லை. மழை, இடி, செட்டு கெட்டது என்று எழுதிக்கொண்டார்கள். என்னையும் கேட்டார்கள்.

"வெடிச்சதைப் பாத்த உடனே ஓடி வந்தேன்" என்றேன்.

அதைச் சொல்லும்போது சோலை என்னிடமிருந்து நாலடி தூரத்தில் நின்றிருந்தான். சென்னியப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க அன்னிக்கே சொன்னீங்க. நாந்தானுங்க கேக்காமப் போயிட்டேன்" என்று குரல் உடைந்து சொன்னார். எனக்கு ஆறுதல் சொல்ல வந்த அந்த மனுஷரின் முகத்தை நான் நேராகப் பார்க்கவில்லை. கிழிந்த முட்டியைக் காட்டி என்னைப் பெருமையாகப் பேசியவர்கள்கூட இருந்தார்கள்.

பத்து நாள் போயிற்று. அந்தப் புள்ளிக் கூட்டம் மேற்கு ஓரத்தில் மறைந்தது. என் ஆராய்ச்சியை மேற்பார்க்கும் பேராசிரியரிடமிருந்து கடிதம் வந்தது. நாலாம் தேதி வெடிப்பின் ஆரம்பத்தை நிமிடவாரியாக நீ பார்த்திருந்தால் அந்த நோட்டுப் புஸ்தகத்தோடு உடனே கிளம்பி வா, அதன் மதிப்பு உனக்குத் தெரியாது என்று எழுதியிருந்தார். எனக்கு நன்றாகத் தெரியும். பெட்டி கட்ட ஆரம்பித்தேன். நோட்டை மட்டும் பெட்டியில் வைக்க மனசு வராமல் மேஜைமேலேயே வைத்திருந்தேன்.

அன்று மத்தியானம் சோலை ஏறி வந்தான். மொட்டை அடித்திருந்தான். கக்கத்தில் வயர்லெஸ் ரிஜிஸ்டர். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது, மூச்சு வாங்கியது. கண்ணில் கோபம் இருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அதில் கோபம் இல்லை. புரியாத ஒன்றைக் கேட்க வந்த ஆளின் முகம்.

"ஊருக்குப் போறீகளாம்ல சார்."

"ஆமாம் சோலை. நாளைக்கு."

"ஒரு கணக்கு எனக்கு ஒப்பலை. அதேன் வந்தேன்." ரிஜிஸ்டரைப் பிரித்து, விரலால் வரியைத் தொட்டுக் காட்டினான். "இரைச்சல் நின்னது பதினொண்ணு அம்பத்தொண்ணு. செட்டு செத்தா நேரம் குறிக்கணும்கிறது ஆர்டரு, குறிச்சிருக்கேன். நீங்க வந்தது, தண்ணி வந்தது, எல்லாம் பன்னெண்டு பதிமூணு. இருவத்தி ரெண்டு நிமிசம்."

நான் மேஜைமேல் இருந்த நோட்டைப் பார்த்தேன்.

"இங்கன இருந்து கீழ வர எம்புட்டு நேரம் ஆகும்னு எனக்குத் தெரியலை. நேத்து மழையில ஒரு தடவ ஓடிப் பாத்தேன். இன்னைக்கு வெயில்ல ஒரு தடவ ஓடிட்டு, திரும்ப ஏறி வாரேன். ரெண்டு தடவையும் பன்னெண்டு நிமிசந்தேன் ஆச்சு." ரிஜிஸ்டரை மூடினான். "மிச்சம் பத்து நிமிசம் இடிக்குது சார். நான் சுத்தியலக் கையில வச்சுக்கிட்டு, நீங்க வாரீகளான்னு பாதையப் பாத்துக்கிட்டே நின்னேன். அதேன் கேக்கேன்."

பொய் சொல்ல வாய் வந்தது. கண்ணாடியை மூட வேண்டியிருந்தது, வழியில் மயங்கி விழுந்துவிட்டேன் என்று எதையாவது சொல்லியிருக்கலாம். அவன் நம்பிவிடுவான். அவன் நம்பிவிடுவான் என்பதுதான் தாங்க முடியவில்லை.

"பத்து இல்லை" என்றேன். "பதினொண்ணு. செட்டு சாகறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடியே நான் பாத்துட்டேன்."

அவன் அதைத் தலையசைத்து வாங்கிக்கொண்டான், ஒப்பாத கணக்கு ஒப்பிவிட்டது போல.

"அம்புட்டு நேரம் என்ன செஞ்சீக?"

"அளந்துண்டிருந்தேன்."

"என்னத்த?"

"ஒரு கோட்டோட அகலத்தை."

வெளியே தேயிலைச் சரிவில் பெண்கள் பேசிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. அவர்கள் குரல் தேயும்வரை சோலை காத்திருந்தான்.

"எம்புட்டு இருந்துச்சு?"

"பதினெட்டு."

"பதினெட்டுன்னா?"

இந்தக் கேள்வியை எத்தனையோ பையன்கள் கேட்டிருக்கிறார்கள். எப்போதும் சொல்கிற பதில்தான் வாயில் வந்தது. வேறு பதில் என்னிடம் இல்லை.

"ஸ்கேல்ல சின்னச் சின்னக் கோடு இருக்குமோல்லியோ, மில்லிமீட்டர். அதுல ஒண்ணை எடுத்துக் கோடி பங்கு போடணும். அந்தப் பங்குல பதினெட்டு."

சோலை கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இடைவெளி இல்லாமல் சேர்த்து, என் முகத்துக்கு நேராக நீட்டினான்.

"இதவிடச் சிறுசா சார்?" என்று கேட்டான்.

ஆமாம் என்றேன்.